கூரையை நாலு விரல் இறக்கிய கதை

என் ஜெரால்டுக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய். நான் பாதியில் வேறெங்கோ போய்விடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று அந்தக் காரை ஓட்டிவிட்டோம். உங்கப்பா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தலைக்குக் குளித்தும் என் முடியில் இன்னும் செம்மண் இருக்கிறது. இன்று காலை ஸ்கூலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூ ஜாடி வரையச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். காதுக்குள் அந்த இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பெண் வந்து, "மிஸ், ஏன் தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

உனக்கும் ஷாலினிக்கும் நடக்கப்போகிற கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. போன வாரம் நீ, "அப்பாவுக்கு என்னாச்சும்மா, நல்லாத்தானே இருக்காரு?" என்று கேட்டாய். ரிட்டயர் ஆன மனுஷன் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் ஒரு ஓட்டைக் காரை வைத்துக்கொண்டு வெட்டுகிறார், ஒட்டுகிறார் என்றால் எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கேள்வி வரும். நான் "நல்லா இருக்காரு" என்றேன். அதில் பாதி உண்மை. மீதியையும் இன்று சொல்லிவிடப் போகிறேன். உங்கப்பாவே சொல்லச் சொல்லிவிட்டார். ஆனால் முதலில் காரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் அதற்குப் போக முடியாது.

உங்கப்பா நிலக்கரி மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தார் என்று நீ பார்த்ததில்லை. மண்ணை வெட்டும் அந்த ராட்சத மெஷினின் சக்கரத்தில் வரிசையாக வாளிகள் இருக்கும், வாளிக்கு வாளி பற்கள் இருக்கும். தேய்ந்த பல்லை எடுத்துவிட்டுப் புதுப் பல்லை ஒட்டுவதுதான் அவர் வேலை. உள்ளங்கை தடிமன் இரும்பு. அவர் ஒட்டினது விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் ரிட்டயர் ஆனதும், ஷிப்ட் பஸ் போகிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், பிறகு எங்கே போவதென்று தெரியாமல் ஸ்கூட்டரைத் துடைப்பார். துடைத்த ஸ்கூட்டரையே திரும்பத் துடைப்பார். குவார்ட்டர்ஸ் என் பெயரில் இருக்கிறது, எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது; நான் காலையில் கிளம்பும்போது கேட் வரை வந்து, ஸ்கூலுக்குப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி நின்று பார்ப்பார். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோவைப் பார்த்தார். வெளிநாட்டில் யாரோ ஒரு தாத்தா, ஒரு பழைய காரின் கூரையை ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். ஹாட் ராட் என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில், காசில்லாத பையன்கள் குப்பையில் கிடந்த கார்களை இழுத்துவந்து, வேகமாகப் போவதற்குத் தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிந்தார்களாம். சக்கரத்துக்கு மேல் இருக்கும் மட்கார்டு வேண்டாம், பம்பர் வேண்டாம், இன்ஜின் மூடியும் வேண்டாம். வேறு வண்டியின் பெரிய இன்ஜினை எடுத்து இதில் மாட்டு. காற்று தடுக்காமல் இருக்கக் கூரையைத் தாழ்த்து. கடையில் வாங்கினதாக ஒன்றும் இருக்கக் கூடாது, எல்லாம் கையால் செய்தது. பிறகு அதில் ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். மெல்லிய தூரிகையால் இழுத்த கோடுகள், கோட்டுக்குள் கோடு, ரெண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக. உங்கப்பா வீடியோவை நிறுத்தி என்னிடம் நீட்டினார். "இது எல்லாமே நம்ம ஒர்க்‌ஷாப் வேலைதான்" என்றார். நான் அந்தக் கோடுகளைத்தான் பார்த்தேன். அதையும் இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். பழியெல்லாம் அவர்மேல் போடாதே. அன்றைக்கே எனக்குக் கை அரித்தது.

கார் எங்கே கிடைத்தது என்று யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். போன வருஷம் பலாப்பழ சீசனில் காடாம்புலியூருக்குப் போனோம். தணிகாசலம் என்று ஒருவர், முந்திரித் தோப்பும் பலா மரங்களும் வைத்திருப்பவர். பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உங்கப்பா அப்படியே நின்றுவிட்டார். மரத்தடியில் ஒரு கார் உட்கார்ந்திருந்தது. சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை, இன்ஜின் இல்லை. சுதந்திரத்துக்கு முந்தைய காலத்து உடம்பு. முதுகு வளைந்து, நாய் படுத்திருக்கிற மாதிரி. உள்ளே பதினைந்து இருபது கோழிகள்.

"இது என்னா வண்டிங்க?" என்று கேட்டார் உங்கப்பா.

"வண்டியா? அது கோழி வூடுங்க" என்றார் தணிகாசலம். "எங்கப்பா காலத்துல யாரோ தொரை வுட்டுட்டுப் போனது. கதவத் தொறந்தா மூடாது, மூடினா தொறக்காது. நரி வராது, அதான் வச்சிகினு இருக்கோம்."

"குடுப்பீங்களா?"

அவர் உங்கப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "குடுத்தா கோழி எங்க போவும்? நீங்க ஒரு கோழி வூடு கட்டிக் குடுங்க, இத்த எடுத்துகினு போங்க."

அப்படித்தான் ஒப்பந்தம். உங்கப்பா அங்கேயே மூன்று வாரம் போய்வந்து, இரும்பில் ஒரு கோழிக் கூண்டு செய்தார். அடுக்கு அடுக்காக, முட்டை உருண்டு முன்னால் வருகிற மாதிரி சரிவு வைத்து. தோப்புக்கு வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். கோழிகள் மட்டும் பார்க்கவில்லை. அன்று மாலை வரிசையாகக் காருக்குள்ளேயே போய் உட்கார்ந்தன. காரை லாரியில் ஏற்றிய பிறகும் ரெண்டு கோழி இறங்க மறுத்தன. ஒன்றைத் தணிகாசலத்தின் மனைவி பிடித்துவிட்டாள். இன்னொன்று நெய்வேலி வரைக்கும் வந்து, நம் வீட்டு வேப்பமரத்தில் கொஞ்ச நாள் இருந்தது.

செல்வம் அண்ணனை உனக்குத் தெரியும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர், மைன்ஸில் டம்பர் லாரிகளின் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து உங்கப்பாவோடு ஒரே வருஷம் ரிட்டயர் ஆனவர். காரைப் பார்த்ததும் அவர் உங்கப்பாவிடம், "ஆரோக்கியம், இத்த எடைக்குப் போட்டா டீச்சருக்கு ஒரு குக்கர் வரும்" என்றார். மறுநாள் காலையில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பின் இன்ஜினை டிராக்டர் டிரெய்லரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "கெடந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு தினமும் இருவரும் பின்பக்கம்தான். வயல் வேலை முடிந்து அவர் வருவார், ரெண்டு பேரும் கீழே குந்தியபடி ஒருவர் வாயில் இருக்கும் வார்த்தையை இன்னொருவர் பிடுங்குவார்கள். பெரிய சக்கரம் பின்னால், சின்னது முன்னால் என்பதற்கு ஒரு வாரம் சண்டை. ரேடியேட்டரைக் கொஞ்சம் சாய்க்கலாமா என்பதற்கு அவர் ரெண்டு நாள் வரவேயில்லை. மூன்றாம் நாள் வந்து, சாய்த்தே வைத்தார்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த வேலி உடைந்தது கூரை விஷயத்தில்தான். எவ்வளவு வெட்டுவது? உங்கப்பா ஆறு விரல் என்றார். செல்வம் அண்ணன் ரெண்டு விரலுக்கு மேல் வெட்டினால் தலை இடிக்கும் என்றார். இருவரும் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார்களே தவிர யாரும் வரைந்து பார்க்கவில்லை. நான் ஸ்கூலிலிருந்து வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல், கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்க மதில் சுவரில் காரை முழு அளவில் வரைந்தேன். பக்கவாட்டுத் தோற்றம், மூன்று தடவை. ஒன்றில் ரெண்டு விரல் இறங்கிய கூரை, ஒன்றில் நாலு, ஒன்றில் ஆறு. வரைந்து முடித்துப் பத்தடி தள்ளிப் போய்த் திரும்பி நின்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரெண்டில் அது பழைய கார். ஆறில் அது நசுங்கிய கார். நாலில் அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருந்தது. "நாலு" என்றார் உங்கப்பா. "நாலுதான்" என்றார் செல்வம் அண்ணன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவ்வளவு சீக்கிரம் ரெண்டு ஆண்கள் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். நீயும் ஷாலினியும் எதற்காவது சண்டை போட்டால் வாயால் போடாதீர்கள். பேப்பரில் போட்டுப் பாருங்கள். பாதி சண்டை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வெட்டினார். கூரையைத் தாங்கும் கம்பங்களில் நாலு விரல் அளவு அறுத்து எடுத்தாயிற்று. செல்வம் அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூரையைக் கீழே இறக்கினோம். பொருந்தவில்லை. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, நடுவில் ஒரு வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு, மேல் துண்டைக் கீழ்த் துண்டின்மேல் வைத்துப் பார். விளிம்பு சேராது, மேல்துண்டு சின்னதாக இருக்கும். அதேதான். கம்பங்கள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்தவை. வீடியோவில் அந்தத் தாத்தா இதையும் காட்டியிருந்தார். அதற்கும் வழி உண்டு. கூரையை நீளத்திலும் அகலத்திலும் அறுத்து நாலு துண்டாக்கி, துண்டுகளைத் தள்ளி வைத்து, இடைவெளியில் தகடு வைத்து ஒட்ட வேண்டும். ஆனால் அது வாளிப் பல் மாதிரித் தடித்த இரும்பு இல்லை, அப்பளம் மாதிரி மெல்லிய தகடு. கொஞ்சம் கூடுதலாகச் சூடு பட்டால் ஓட்டை, இன்னும் கொஞ்சம் பட்டால் தகடு முழுவதும் நெளிந்துவிடும்.

உங்கப்பா அதற்காக ஒரு சின்ன வெல்டிங் மெஷின் வாங்கினார். நான் ஸ்கூலில் இருக்கும் நேரத்தில் ஒட்டினார். சாயங்காலம் வந்து பார்த்தால் தார்ப்பாய் மூடியிருக்கும். "எப்படி வருது?" என்றால், "மெஷின் சரியில்ல" என்பார். இப்படியே போயிற்று. ஒருநாள் ஸ்கூல் அரைநாள் லீவு. நான் வந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன்.

ஜெரால்டு, நான் கோடுகளைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். எந்தப் பிள்ளை பயந்து வரைந்தது, எந்தப் பிள்ளை பென்சிலை அழுத்திப் பிடித்தது என்று கோடு என்னிடம் சொல்லிவிடும். அந்தக் கூரையில் இருந்தது உங்கப்பாவின் கோடு இல்லை. அங்கங்கே விலகி, திரும்பி, ஒரே இடத்தில் நின்று தகட்டைப் பொசுக்கி, ஓட்டைமேல் ஓட்டை. அங்கே நின்றபடியே எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. ஏன் தேநீரை டம்ளரில் வேண்டாம், கைப்பிடி வைத்த பெரிய கப்பில் பாதி மட்டும் ஊற்று என்கிறார். ஏன் பிளேடை விட்டு மின்சார ரேசருக்கு மாறினார். ஏன் கோயிலில் வலது கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

அவர் வந்து பார்த்தார். தார்ப்பாய் கீழே கிடந்தது.

"கை எத்தன நாளா ஆடுது?" என்றேன்.

"மெஷின்ல வயர் சரியா வரல."

"நான் மெஷினக் கேக்கல."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். "பொங்கலுக்கு முன்ன இருந்து" என்றார். "டாக்டருகிட்ட காட்டிட்டேன். மாத்திர குடுத்திருக்காரு. நிறுத்த முடியாது, மெதுவாத்தான் போவும்னாரு. அதுக்குள்ள இத்த முடிச்சிடலாம்னு பாத்தேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை அப்புறம்தான். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், தனியாகக் கேட்டுக்கொண்டு, மாத்திரையைத் ஆணி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் நன்றாகவே திட்டினேன். பிறகு, "வேற வெல்டரக் கூப்பிட்டு ஒட்டிக்கலாம்" என்றேன்.

"வேணாம். வெளியாளு வந்து ஒட்டினா அது வெளியாளு வண்டி."

"நான் வெளியாளா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கிறாரா என்று நான் பார்த்தேன். இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு சாமானை எடை போடுகிற மாதிரி. "சேலையில தீப்பொறி படும். சுடிதாரு இருக்கா?" என்றார்.

அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு எவ்வளவு பேப்பர் இருந்தாலும் போதாது. தோல் கையுறை, கண்ணாடி வைத்த முகமூடி, மேலே உங்கப்பாவின் பழைய காக்கிச் சட்டை. முதலில் வேண்டாத தகட்டுத் துண்டுகளில் பழகினேன். ஓட்டை போட்டேன், ஓட்டை போட்டேன், இன்னும் ஓட்டை போட்டேன். அவர் பின்னால் நின்று, "கண்ணால பாக்காத, காதால கேளு. எண்ணெயில அப்பளம் போட்ட சத்தம் வரணும். வெடிச்சா கிட்ட போ, மொணகினா தள்ளி வா" என்பார். ஒருநாள் அந்தச் சத்தம் வந்தது. சீராக, விட்டுப்போகாமல், எண்ணெயில் அப்பளம் விரிகிற அதே சத்தம். முகமூடியைத் தூக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வரிசையாக நின்றன. உன்னைப் பெற்றபோது நர்ஸ் உன்னைத் தூக்கிக் காட்டினாளே, அதற்குப் பிறகு நான் அப்படி வாயைப் பிளந்து எதையும் பார்த்ததில்லை. செல்வம் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "ஆரோக்கியம், நீ இனிமே டிராயிங் கிளாஸ் எடு" என்றார்.

மெல்லிய தகட்டை ஒரே இழுப்பாக ஒட்டக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, தள்ளிப்போய் அங்கே ஒரு புள்ளி, ஆறட்டும் என்று காத்திருந்து நடுவில் ஒரு புள்ளி. அவசரப்பட்டால் நெளிந்துவிடும். காத்திருக்கிற நேரத்தில்தான் நாங்கள் பேசினோம். எந்த வேலையில் எந்த வருஷம் எதற்குப் பயந்தார், என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஏன் வாயே திறக்கவில்லை, உனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒர்க்‌ஷாப்பில் எந்த மூலையில் போய் அழுதார் என்றெல்லாம். இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு இரும்பு ஆறுகிற நேரம் கிடைக்காமல்தான் இருந்திருக்கிறோம் போல. உனக்கும் ஷாலினிக்கும் நான் புத்தி சொல்வதாக இருந்தால் இந்த ஒன்றுதான்: ரெண்டு பேரும் சேர்ந்து செய்கிற, அவசரப்பட முடியாத ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வேலையானாலும் சரி.

உன் நிச்சயத்துக்கு வந்தபோது கூரை ஒட்டி முடிந்திருந்தது. நீ தார்ப்பாயை நன்றாக இழுத்து மூடச் சொன்னாய், பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று. அன்றைக்குத் தட்டு மாற்றும்போது உங்கப்பாவிடமிருந்து தட்டை நான் வாங்கிக்கொண்டேன், நீ கவனித்தாயா தெரியவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு ஷாலினி கை கழுவப் பின்பக்கம் வந்தவள், தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டாள். "அங்கிள், இதுக்கு எப்ப உயிர் வரும்?" என்று கேட்டாள். என்ன கார், எதற்கு இதெல்லாம் என்று கேட்கவில்லை பார். அன்று ராத்திரி உங்கப்பா, "நல்ல பொண்ணுதான்" என்றார். அதுவரைக்கும் அவர் வாய்விட்டுச் சொல்லாமலிருந்த சம்மதம் அது.

உயிர் வந்தது போன மாதம். செல்வம் அண்ணன் இன்ஜினைத் திருகி முடித்து, ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றித் தலைகீழாகக் கட்டி, "தள்ளிக்கோங்க" என்றார். முதல் தடவை இருமியது. ரெண்டாவது தடவை கரும்புகை. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. சைலன்சர் மாட்டவில்லை. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. எதிர் வரிசை வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸில் பெரிய பதவியில் இருப்பவர், முகத்தில் பாதி சோப்போடு வந்து மதிலில் எட்டிப் பார்த்தார். திட்டத்தான் வந்தார், தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், ஒரு வாட்டி ஆக்ஸிலேட்டர் அழுத்திப் பாக்கவா?" என்று கேட்டார்.

வண்ணத்துக்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. செல்வம் அண்ணன் மைன்ஸ் மெஷின் மாதிரி மஞ்சள் என்றார். உங்கப்பா ஒன்றும் அடிக்காமல் அப்படியே விடலாம் என்றார். நான் கறுப்பில் பழுப்பைக் கலந்து, பளபளப்பு இல்லாமல், வெட்டியெடுத்த நிலக்கரி காயும்போது இருக்கிற நிறத்தைக் கொண்டுவந்தேன். கோடு போட, குள்ளஞ்சாவடியில் லாரிகளுக்கு ஓவியம் வரைகிற பாபுவைப் பிடித்தோம். வாசலில் எப்போதும் ரெண்டு லாரி அவருக்காகக் காத்திருக்கும், அப்படி வேலை. அவரிடம் அணில் வால் மாதிரி நீள முடி வைத்த தூரிகை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இடது பக்கம் அவர், வலது பக்கம் நான் என்று பேசிக்கொண்டோம். முன்னாலிருந்து கதவு வரைக்கும் வெளிர் மஞ்சளில் ஒரு கோடு, அதற்குள் ஆரஞ்சில் ஒரு கோடு, நடுவில் ரெண்டும் பின்னிக்கொள்கிற இடத்தில் முந்திரி இலை மாதிரி ஒரு வளைவு.

"மூச்ச புடிச்சிகினு இழுக்காதீங்க டீச்சர்" என்றார் பாபு, என் பக்கம் திரும்பாமலே. "வுட்டுகினே இழுங்க. கோடு முடியற எடத்த பாருங்க, தூரிகைய பாக்காதீங்க."

"உங்க பக்கம் வளைவு கொஞ்சம் பெருசா இருக்கு" என்றேன் நான்.

அவர் எழுந்து இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். "அளந்து பாக்காம சொல்லிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தன்னுடையதைத் துடைத்துத் திரும்பப் போட்டார். நானும் என் பக்கம் ரெண்டு இடத்தில் துடைத்தேன். முடித்தபோது உங்கப்பா முன்னால் நின்று பார்த்து, எது யார் போட்டது என்று தெரியவில்லை என்றார். எங்கள் ரெண்டு பேருக்கும் அதைவிட வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதிரி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. நீ போலீஸைப் பற்றிப் பயந்தாய். நாங்கள் ரோட்டுக்கே போகவில்லை. புதுச்சேரிக்கு முன்னால் ஒருவருடைய சொந்த நிலத்தில், கையால் கார் செய்கிறவர்கள் கூடும் நாள் ஒன்று நடந்தது. நேற்று அங்கேதான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் அவ்வளவு கிறுக்கர்களை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஒருவர் தண்ணீர் லாரியின் முகத்தை வெட்டிக் கார் செய்திருந்தார். கல்லூரி முடித்த ரெண்டு பெண்கள் ஒரு பழைய வேனை முழங்கால் உயரத்துக்கு இறக்கியிருந்தார்கள். எல்லோரும் எல்லோருடைய வண்டிக்கு அடியிலும் படுத்துப் பார்த்தார்கள். இது எப்படிச் செய்தீர்கள், அது எங்கே கிடைத்தது என்று, சாப்பாட்டைக்கூட மறந்து.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர், இந்த மாதிரி நிறைய செய்தவர், நம் காருக்குள் தலையை விட்டார். கூரையின் உள்பக்கம் ஒட்டின தடத்தை நாங்கள் மூடவில்லை. அவர் உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டே பின்னால் வரைக்கும் போனார்.

"யாருங்க வெல்டிங்?" என்றார்.

"வூட்டம்மாங்க" என்றார் உங்கப்பா. "டிராயிங் டீச்சர்." பிறகு சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். அது ஆடியது. "நான்தான் வெல்டருங்க. இப்ப இப்படி ஆயிடுச்சி. அதான் அவங்க கத்துகினாங்க."

செல்வம் அண்ணனிடம்கூட அவர் அந்தக் கையை அப்படி நீட்டிக் காட்டியதில்லை. அந்த மனிதர் கையைப் பார்த்தார், அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அதனாலென்னங்க" என்றார். "இந்த இன்ஜின்மேல ஏறி உக்காந்தா ஆடாத கை ஏதுங்க. நீங்க ஓட்டுங்க, நான் சத்தத்தக் கேக்கோணும்."

ஓட்டினோம். செம்மண் மைதானம், சுற்றிவர ஒரு கிலோமீட்டர் இருக்கும். முதல் திருப்பம் வரைக்கும் மெதுவாகத்தான் போனார். இன்ஜின் எங்கள் முகத்துக்கு நேரே திறந்து கிடந்தது, அதன் விசிறி சுழல்வது தெரிந்தது. சீட் ஆடியது, ஸ்டீயரிங் ஆடியது, என் தாடை ஆடியது. ரெண்டாம் திருப்பத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "புடிச்சிக்கோ டீச்சர்" என்றார். பிறகு அழுத்தினார். நான் கத்தினேன் என்று செல்வம் அண்ணன் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. தாழ்ந்த கூரைக்குக் கீழே அந்தச் சின்ன இடைவெளியில் பனைமரங்கள் எல்லாம் படுத்துக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது. உங்கப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தது நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சுற்று போனோம்.

திரும்பி வரும்போது லாரியின் முன்சீட்டில் நாங்கள் இருவரும் டிரைவரும். கடலூர் தாண்டும் வரைக்கும் உங்கப்பா ஓயாமல் பேசினார். அந்தப் பெண்கள் செய்த வேனில் பின் அச்சை எப்படித் தூக்கியிருக்கிறார்கள், அடுத்த தடவை நாம் பிரேக்கை எங்கே வைக்கலாம், எல்லாம். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே, "பிள்ள கிட்ட சொல்லிடு" என்றார். "நான் சொன்னா அவன் பயந்துடுவான். நீ சொன்னா கேட்டுக்குவான்."

"இப்பவாவது சொல்லத் தோணுச்சே" என்றேன்.

"அதில்ல. கல்யாணத்தன்னிக்கு நெத்தியில சிலுவ போடணும். எல்லாரும் பாத்துகினு இருப்பாங்க."

இதுதான் ஜெரால்டு, இந்தக் கடிதம். உங்கப்பா நன்றாக இருக்கிறார், அவர் கை ஆடுகிறது. ரெண்டும் உண்மை. நீ உடனே போன் செய்து, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று ஆரம்பிக்காதே. அதையெல்லாம் என்னிடம் கேள், நான் சொல்கிறேன். அவரிடம் காரைப் பற்றிக் கேள். ஷாலினியிடம் இதைப் படித்துக் காட்டு, ஒன்றையும் விடாமல்.

கல்யாணத்தன்று காலையில், கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், நம் வீட்டு வாசலில் நீ எங்கள் முன் முழங்கால் போடுவாய். சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி நிற்பார்கள், போட்டோக்காரர் கிட்டே வந்து நிற்பார். முதலில் அவர்தான் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார். விரல் உன் நெற்றிக்கு வந்து சேரவே கொஞ்ச நேரமாகும். மேலிருந்து கீழே வரும்போது விலகும், குறுக்கே போகும்போது இன்னும் விலகும். உதவி செய்கிறேன் என்று கையைப் பிடித்துவிடாதே. கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம், அவர் முகத்தைப் பார். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும், யாரும் அவசரப்படுத்தாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நெற்றியை மட்டும் ஆடாமல் வைத்துக்கொள்.

அம்மா